புதுப் பிளாஸ்திரிக்குக் கீழே

சாவி உள்ளே நுழைந்தது. திரும்பத்தான் மறுத்தது.

"அண்ணி, அந்த ஆளு சாவியை வெட்டல, என் வயித்துல அடிச்சிருக்கார்" என்றேன்.

வண்டியின் பெட்டிக்குள் என் மத்தியானச் சாப்பாடு சிறைப்பட்டுக் கிடந்தது. பழைய சாவி பாதியாக ஒடிந்துவிட்டதால், நாங்கள் நின்ற பின் தெருவிலேயே நீலக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சாவிக்காரரிடம் அதைக் கொடுத்துப் புதுசு போடச் சொல்லியிருந்தேன். போட்டுக் கொடுத்தார். அதை வைத்துக் காது குடையலாம், வேறு எதற்கும் உதவாது.

"தொழில் தெரியாதவரா?" என்றார் அண்ணி.

"தொழில் எல்லாம் தெரியுது. கண்ணுதான் வேற எங்கேயோ இருக்கு. அரத்தால ரெண்டு இழு இழுப்பார், சாவியை இரும்புப் பலகையில ரெண்டு தட்டு தட்டுவார், உடனே நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பார். நான் ஒருத்தன் முன்னாடி நிக்கிறதே தெரியல அவருக்கு."

"எந்தச் சுவரை?"

"நாம போகப்போற முதியோர் இல்லத்தோட பின்பக்கச் சுவரைத்தான். அதுல என்ன, சினிமாவா ஓடுது?"

அண்ணி அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்தார். வரிசையாக ஜன்னல்கள், எல்லாவற்றிலும் உள்ளே எதுவும் தெரியாத பனிக்கண்ணாடி. "வா, முன் வாசலுக்கு நடந்தே போயிடலாம்" என்று வேகமாக நடந்தார். அவர் நடந்தால் நான் ஓட வேண்டியிருக்கும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, என் அண்ணனின் மனைவி. துப்பறிவது அவர் தொழில். படித்து முடித்துவிட்டு வீட்டில் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னை, "என் கூட வா, சோபாவாவது பிழைக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு வந்தார். சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "சாப்பாடு போடறேன்ல?" என்பார். அந்தச் சாப்பாடுதான் பெட்டிக்குள் மாட்டியிருந்தது.

முன் வாசலில் எங்களைக் கூப்பிட்ட பெண் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார் போலிருக்கிறது, அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வேன் வருது மேடம். அப்பாவை இங்கிருந்து எடுத்துட்டுப் போறேன். வேற இல்லம் பார்த்துட்டேன், கொஞ்சம் தூரம். ஆனா அவரை இந்தக் கதிக்கு ஆளாக்கினது யாருன்னு தெரியாம இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இடுப்புல படுக்கைப்புண். நாளுக்கு நாள் உள்ளே போயிட்டே இருக்கு. இனிமே எலும்புதான் பாக்கியாம். சீழ் ரத்தத்துல கலந்துட்டா ஆளே மிஞ்ச மாட்டார்ங்கிறார்." குரல் உடைந்தது. உடனே அதைக் கோபத்தால் ஒட்டிக்கொண்டார். "இங்க யாரோ அவரைக் கட்டிப்போட்டு வைக்கிறாங்க மேடம். கையைப் பார்த்தா உங்களுக்கே தெரியும்."

"உங்க வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

நீளமான நடை. பினாயில் வாடை. யாரோ ஒரு அறையில் "நர்சம்மா, நர்சம்மா" என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த மாதிரி இடங்கள் ஆகாது. உள்ளே நுழைந்ததுமே எனக்கும் எங்கேயோ வலிப்பது போலிருக்கும். கடைசி அறைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முழங்கால் வலித்தது.

இரண்டு பக்கமும் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்த கட்டில். அதில் ஜன்னலைப் பார்த்து, வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார் அந்தப் பெண்ணின் அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் தெம்பாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையால் கம்பியை இரண்டு தட்டு தட்டினார்.

மூலையில் நின்ற ஆயாம்மா உடனே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியவர் வாயை இறுக்கி மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பவும் இப்படித்தான்மா. தட்டுவார். தண்ணி கொண்டு வந்தா குடிக்க மாட்டார். தட்டுற தாத்தான்னுதான் நாங்க கூப்பிடுறது."

"தாகம் இல்லாதவர் எதுக்குத் தண்ணி கேட்கிறார்?" என்றேன்.

"தண்ணிதான் கேட்கிறார்னு யார் சொன்னது?" என்றார் அண்ணி.

மகள் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "அப்பா" என்று குனிந்தார். பெரியவரின் இடது கை நீண்டு மகளின் தோளைப் பிடித்துத் தள்ளியது. மெதுவாக அல்ல, நன்றாகவே.

"பார்த்தீங்களா மேடம்? எப்ப வந்து உட்கார்ந்தாலும் இதேதான். தள்ளி விடுறார். இங்க கொண்டு வந்து போட்டுட்டேன்னு என் மேல அவ்வளவு கோபம்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "தினம் வர்றேன். தினம் தள்ளுறார்."

அதற்குள் மேட்ரன் வந்துவிட்டார். மொடமொடப்பான சேலை, அதைவிட மொடமொடப்பான முகம்.

"இங்க எல்லாம் முறைப்படி நடக்குது" என்று ஆரம்பித்தார். "வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்க வைக்கிறோம். தினம் காலையில கட்டு மாத்துறோம். வேணும்னா பாருங்க." போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். வலது இடுப்பில், படுக்கைக்கு மேலே தெரிந்த கட்டின் விளிம்பில், பளிச்சென்று வெள்ளைப் பிளாஸ்திரி. அதன் மேல் நீல மையில் இன்றைய தேதி.

எனக்கே திருப்தியாகிவிட்டது. "சுத்தமா இருக்கே அண்ணி" என்றேன்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு. இன்னிக்குக் கட்டு மாத்தினது யாரு?"

கதவருகே தள்ளுவண்டியோடு நின்ற இளைஞர் கையைப் பாதி தூக்கினார். கட்டுப் போடுவது அவர் வேலை என்பதால் எல்லாரும் அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள்.

"காலையில முதல்ல எந்த அறை, பஞ்சு?"

"இதுதாங்க. கடைசியிலிருந்து ஆரம்பிச்சு வாசல் பக்கம் போவேன். இது முடிச்சு இப்பதான் வெளியே வந்தேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "வண்டிக்குக் கீழே இருக்கிற சிவப்புக் கூடையைத் திற."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்த மாதிரி உத்தரவுகளுக்கு ஏற்ற ஆள் அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினேன். பிடித்த மூச்சு வீணாகிவிட்டது. உள்ளே பிளாஸ்திரியிலிருந்து உரித்துப் போட்ட காகிதத் துண்டுகள் மட்டும்தான் கிடந்தன. அதிலிருந்து எந்த வாடையும் வரவில்லை.

"வெறும் காகிதம் அண்ணி."

"புதுக் கட்டுப் போட்டா பழைய கட்டு எங்கேயாவது போயிருக்கணுமே" என்றார் அண்ணி. "சீழ் பட்ட துணி எங்கே? துடைச்ச பஞ்சு எங்கே?"

"ஒருவேளை அதுவே எழுந்து வீட்டுக்குப் போயிருக்குமோ?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பஞ்சுவின் முகம்தான் வெளுத்துப்போனது.

"மேல மட்டும்தான் புதுசு" என்றார் பஞ்சு, தரையைப் பார்த்தபடி. "உள்ளே பழசுதாங்க."

மகள் ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. "என்ன சொல்ற நீ? தினம் தேதி போட்டு ஒட்டியிருந்தியே, அதைப் பார்த்துட்டுத்தானே நான் நிம்மதியா வீட்டுக்குப் போனேன்!"

"புண்ணு வலது இடுப்புலக்கா. அதைப் பிரிக்கணும்னா அவரைக் கதவுப் பக்கம் திருப்பணும். காலையில திருப்பினா ஒரே ரகளை. என் மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கிடறார். டாக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு பேரா பிடிச்சுக்கிட்டுப் பிரிப்போம். மத்த நாள்ல... இன்னும் எத்தனை பேருக்குப் போடணும் நான்? இவர் ஒருத்தரோடவே மல்லுக்கட்டிட்டு இருந்தா?" குரல் இறங்கியது. "தப்புதான்."

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெரியவர் திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மேட்ரன் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார். "திருப்பிப் படுக்க வைக்கிறது ஆயாம்மாவோட பொறுப்பு. ஒழுங்கா திருப்பியிருந்தா புண்ணே வந்திருக்காது. இவங்களை இன்னிக்கே அனுப்பிடறேன். போதுமா?"

ஆயாம்மா பேந்தப் பேந்த விழித்தார். "திருப்புறேன்மா. சத்தியமா திருப்புறேன்."

"பொய்! திருப்பறவங்களா இவரைக் கட்டி வைப்பாங்க?" மகள் அப்பாவின் இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், தடித்துப்போன காய்ப்பு. "எதையோ அறுத்துக்கிட்டு வெளியே வரப் பார்த்திருக்கார். இல்லாட்டி எப்படி இப்படி ஆகும்?"

அண்ணி அந்தக் கையை வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார்.

"கட்டியிருந்தா தடம் மணிக்கட்டுல இருக்கும். இங்க தோல் சுத்தமா இருக்கு. காய்ப்பு உள்ளங்கையிலதான். அப்பாவுக்கு எந்தக் கை பழக்கம்?"

"வலது கை."

"அப்போ இது பழைய காய்ப்பு இல்ல. படுக்கையில விழுந்த அப்புறம் வந்தது. படுத்த படுக்கையா கிடக்கிறவர் இடது கையால தினம் ஏதோ ஒரு கடினமான வேலை பார்க்கிறார்." அண்ணி கட்டிலைச் சுற்றி வந்து ஜன்னல் பக்கக் கம்பியைக் கண்ணால் அளந்தார். பச்சை வர்ணம் அடித்த கம்பி. நடுவில் ஒரு கை பிடிக்கும் அளவுக்கு மட்டும் வர்ணம் போய், இரும்பு வழவழவென்று மின்னியது. "ஆயாம்மா, இவரைக் கதவுப் பக்கம் திருப்புங்க. நீங்க வழக்கமா செய்யற மாதிரியே செய்யுங்க."

ஆயாம்மா ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துப் பதமாகத் திருப்பினார். பெரியவர் முனகினார், கையை உதறினார். முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தார் ஆயாம்மா. கதவைப் பார்த்துப் படுத்திருந்த பெரியவரின் முகத்தை இப்போதுதான் நேராகப் பார்த்தேன். யாரோ அவர் கண்ணைக் கட்டிவிட்டது போலத் தவித்தது அந்த முகம்.

"எல்லாரும் வெளியே வாங்க."

கதவைச் சாத்திவிட்டு, அதிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்தோம்.

முதலில் இடது கை படுக்கையை ஊன்றி உந்தியது. உடம்பு அசையவில்லை. மறுபடி உந்தியது. தலையணை நழுவித் தரையில் விழுந்தது, பெரியவர் மல்லாந்தார். மூச்சு வாங்கினார். பிறகு அந்தக் கை மார்பைத் தாண்டி, ஜன்னல் பக்கக் கம்பியைத் துழாவி, வழவழப்பான அந்த இடத்தைப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். உயிரில்லாத வலது பக்கத்தின் மேல், புண்ணின் மேலேயே, அப்படியே புரண்டு விழுந்தார். அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது. வலித்திருக்காது. எனக்குத்தான் வலித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கட்டிலில் இரண்டு தட்டு கேட்டது.

"இவரைக் கெடுத்தது இவரேதானா?" என்று மேட்ரன் பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் நிம்மதி கலந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க திருப்பினீங்க மேட்ரன். திரும்பி வந்து ஒரு தடவை பார்த்தீங்களா?" என்றார் அண்ணி.

"நான் பார்த்தேன்மா" என்றார் ஆயாம்மா. "தலையணை கீழே கிடக்கும், இவர் பழையபடி ஜன்னலைப் பார்த்துட்டு இருப்பார். மேட்ரன்கிட்டயும் சொன்னேன். 'இன்னும் இறுக்கி அண்டக் கொடு'ன்னாங்க."

மேட்ரன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் திரும்பறார்னு ஒருத்தர்கூட கேட்கலையா?" அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்துவிடக் கூடாது என்று எல்லாச் சட்டத்திலும் பனிக்கண்ணாடி போட்டிருந்தார்கள். வெளியே வெளிச்சம் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"பாலைப் பார்த்துட்டு இருக்கிற மாதிரி இருக்கு அண்ணி. இதுக்கா இவ்வளவு பாடு?"

"நீ நின்னுக்கிட்டுப் பார்க்கிற. அவர் படுத்துக்கிட்டுப் பார்க்கிறார்." அண்ணி மண்டியிட்டு, பெரியவரின் தலையணை ஓரத்தில் தன் தலையைச் சாய்த்து, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க வா தம்பி. உன் தலையை இந்த இடத்துல வை."

வைத்தேன். ஜன்னலின் அடிமூலையில் ஒரு சின்னச் சட்டம் மட்டும் எப்போதோ உடைந்து, அதில் அவசரத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தார்கள். நின்றால் அது இடுப்புக்குக் கீழே போய்விடும், எவர் கண்ணிலும் படாது. தலையணை உயரத்திலிருந்து பார்த்தால் அது தெருவுக்கு நேராக இருந்தது. அதில் நீலக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே என் வயிற்றில் அடித்த மகராசன் உட்கார்ந்திருந்தார்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். சாவியை இரும்புப் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தார்.

என் காதுக்குப் பக்கத்தில் பெரியவரின் கை கம்பியை இரண்டு தட்டு தட்டியது.

இத்தனை நாளும் இந்த மனிதர் தண்ணீர் கேட்கவில்லை. பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அண்ணி எழுந்து மகளைப் பார்த்தார். "உங்க அப்பா என்ன தொழில் பண்ணிட்டிருந்தார்?"

"சாவி போடுறவர்."

"சாவியை அராவி முடிச்சதும் என்ன பண்ணுவார்?"

"தூள் உதிரணும்னு ரெண்டு தட்டு..." மகள் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை அப்பாவின் கைக்குப் போனது.

"அதே மாதிரி தட்டுறவர் ஒருத்தர் வெளியே இருக்கார். உங்ககிட்ட வீட்டுல வேற யாருன்னு கேட்டேன்."

மகள் மெல்ல மண்டியிட்டு, நாங்கள் தலை வைத்த அதே இடத்தில் தலையை வைத்தார். அளவு நாடா கட்டிலில் விழுந்தது. வெளியே ஹாரன் மறுபடி அடித்தது, யாரும் அசையவில்லை.

"அண்ணன்" என்றார், கடைசியாக. "அப்பாவுக்குத் தலை சுத்துதுன்னு சொன்ன அன்னிக்கு இவன்தான் கூட இருந்தான். 'கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்'னு கடையிலேயே படுக்க வச்சுட்டு வேலையைப் பார்த்துட்டு இருந்தான் மேடம். உடனே தூக்கிட்டுப் போயிருந்தா அப்பா இன்னிக்குப் பேசிட்டிருப்பார். 'இனிமே அப்பா முகத்துல முழிக்காதே'ன்னு சொன்னேன். என்னைத் தவிர யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு மேட்ரன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"உள்ளேதானே விடக் கூடாதுன்னீங்க. தெருவுல உட்காரக் கூடாதுன்னு சொல்லலையே" என்றேன். அண்ணி என்னை முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"நான் எப்பவும் முன் வாசல் வழியாத்தான் வருவேன்" என்றார் மகள். "பின் தெருவையே பார்த்ததில்ல." விழுந்து கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, அந்தச் சின்னக் கண்ணாடிக்கு நேராக, தினமும் தான் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தார். "அப்பா என்னை... தள்ளினது..."

"நீங்க மறைச்சீங்க" என்றார் அண்ணி மெதுவாக. "அவ்வளவுதான். கோபம் இல்ல."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அழுகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு வராது. "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? கட்டிலைத் தலைமாடு கால்மாடு மாத்திப் போட்டுட்டா இடது பக்கம் ஜன்னல் வந்துடும். புண்ணு மேல பாரம் இல்ல, பஞ்சுவும் நிம்மதியா கட்டுப் போடலாம். முடிஞ்சது கேஸ்!"

"நல்ல யோசனை" என்றார் அண்ணி. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குள் தொடர்ந்தார். "அப்புறம் இடது இடுப்புல ஒரு புண்ணு வரும். இவர் ரெண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பணும் தம்பி. ஜன்னல் ஒரு பக்கம்தானே இருக்கு? கதவுப் பக்கம் திரும்பினா இவருக்குப் பார்க்க என்ன இருக்கு?" மகளிடம் திரும்பினார். "நீங்க போற புது இல்லத்துல எந்தப் பக்கமும் எதுவும் இருக்காது. இவர் உங்க அப்பா, முடிவு உங்களோடது."

மகள் எழுந்தார். "தம்பி, அவனைக் கொஞ்சம் கூட்டிட்டு..." என்று என்னிடம் ஆரம்பித்தவர், "வேண்டாம். நானே போறேன்" என்று கதவை நோக்கி ஓடினார்.

"அக்கா, ஒரு நிமிஷம்!" கையிலிருந்த சாவியை நீட்டினேன். "அப்படியே இதையும் கொடுத்துடுங்க. திரும்ப மாட்டேங்குது."

வாங்கிக்கொண்டு ஓடினார். முன் வாசலைச் சுற்றிக்கொண்டு பின் தெருவுக்குப் போக வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். பெரியவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கழுத்து விறைத்தது. நான் குனிந்து பார்த்தேன். குடை இருந்தது. குடைக்குக் கீழே ஆள் இல்லை.

இரண்டு தட்டு தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார். பதில் வரவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார், தொண்டையிலிருந்து அர்த்தமில்லாத ஒரு சத்தம் வந்தது. ஆயாம்மா பழக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, அதைப் பார்த்துவிட்டு, மறுபடி கீழே வைத்தார். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். சண்டை வந்துவிட்டதோ, அந்த ஆள் வர மாட்டேன் என்றுவிட்டாரோ என்று என்னென்னவோ தோன்றியது.

கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் இரண்டு தட்டு கேட்டது.

பெரியவரின் கை அப்படியே நின்றது.

வாசற்படிக்கு வெளியே சாவிக்காரர் நின்றிருந்தார். கையில் என் உதவாத சாவி. உள்ளே கால் வைக்கப் பயந்து, தங்கையைப் பார்த்தார். தங்கை அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

பெரியவர் கம்பியை விட்டார். பிறகு உள்ளங்கையை அதில் வைத்து உந்தினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. மல்லாந்தார். ஆயாம்மா ஓடிப்போய் முதுகைத் தாங்கினார், ஆனால் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ரகளை செய்யாமல், தலையணை அண்டக் கொடுக்காமல், யாராலும் திருப்பி வைக்க முடியாத மனிதர் தானாகவே கதவைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

"அப்பா" என்றார் மகன்.

மகள் சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி, கட்டிலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து கதவுப் பக்கம் போட்டார். "உட்காருண்ணா" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமலே. "அவருக்கு நேரா உட்காரு. மறைக்காதே யாரும்." பிறகு மேட்ரனிடம், "வேனைப் போகச் சொல்லுங்க. டாக்டரை வரச் சொல்லுங்க. இப்பவே."

மேட்ரன் நகரப் போனார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். "போன் பண்ணிட்டு வந்துடுங்க. இந்த அறையிலிருந்து வாசல் வரைக்கும் எத்தனை பேருக்குக் கட்டு இருக்கோ, அத்தனையும் இன்னிக்கு என் கண்ணு முன்னாடி பிரிக்கணும். தேதி வேண்டாம் எனக்கு. பழைய துணிதான் வேணும்."

பஞ்சு கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பின்பக்கம் நின்றார். புதுப் பிளாஸ்திரியை உரித்தார். அதற்குக் கீழே நேற்றைய பிளாஸ்திரி, அதற்குக் கீழே இன்னொன்று. அடியில் இருந்த துணி பச்சையும் மஞ்சளுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாடை அறையை நிறைத்தது. பஞ்சு உதட்டைக் கடித்துக்கொண்டு, மருந்துத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து எடுத்தார். சிவப்புக் கூடை நிறைய ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி, மகன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கட்டை விரலால் அதன் பல் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. புருவம் சுருங்கியது. சாவியை மகனின் மார்பில் வைத்து, பலமாகத் தள்ளினார்.

மகன் பதறி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "போகச் சொல்றாரா?"

"இல்லண்ணா" என்றார் மகள். தினமும் அந்தக் கையால் தள்ளப்பட்டவர் அவர்தான். இந்தத் தடவை அதன் அர்த்தம் அவருக்குத் தப்பவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "சாவி தப்புங்கிறார். மறுபடி வெட்டச் சொல்றார்."